மராவின் பாரிஸ்: 28 யூரோ கொடுத்து நடக்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அந்த மூன்றும் வழிகாட்டியாக வந்த பெண்ணுக்கும் அந்தத் தெருக்களுக்கும்தான், திட்டம் போட்ட நிறுவனத்துக்கு ஒன்றும் கிடையாது. நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பாரிஸில் இதே பாதையில் இதே கதையைக் கிட்டத்தட்ட இதே விலைக்குச் சொல்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், யாரோடு போனாலும் கீழே எழுதியிருப்பது உதவும்.

பிரெஞ்சுப் புரட்சியில் அரசனிலிருந்து மிதவாதிகள் வரை எல்லோரையும் தூங்கவிடாமல் அடித்த ழான் போல் மரா, அதாவது வைத்தியர், பத்திரிகைக்காரர், கடைசியில் மக்கள் பிரதிநிதி, அவர் எழுதிய, பேசிய, கொல்லப்பட்ட இடங்களைச் சுற்றிக் காட்டும் நடைச் சுற்று இது. இரண்டரை மணி நேரம், ஆளுக்கு 28 யூரோ, ஆங்கிலத்தில். ஓதியோன் மெட்ரோ வாசலில் இருக்கும் புரட்சித் தலைவர் தாந்தோனின் சிலையடியில் கூடச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார், ஈபிள் கோபுரமெல்லாம் முடிந்துவிட்டது, "வேற ஏதாவது காட்டும்மா, கடையா காட்டாத" என்றார், அதனால் பதிவு செய்தேன். அவர் மதுரையில் ஒரு அச்சகத்தில் பல வருஷம் கம்போசிட்டராக, அதாவது அச்செழுத்துக் கோப்பவராக இருந்தவர், தொழிற்சங்க ஆள் வேறு. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும்.

என் பெரிய குறை, சுற்று கொலையில் ஆரம்பித்துக் கொலையிலேயே முடிகிறது என்பதுதான். சிலையடியில் எல்லோரும் சேர்ந்ததுமே வழிகாட்டி டேப்லெட்டை எடுத்து அந்தப் பிரபல ஓவியத்தைக் காட்டுகிறார், குளியல் தொட்டியில் தலை சாய்ந்து கிடக்கும் மரா. "இவரை யார் கொன்றது, ஏன்?" என்று துப்பறியும் கதை மாதிரி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நடக்க ஆரம்பிக்கிறோம். இது நிறுவனம் எழுதிக் கொடுத்த வசனம், அந்தப் பெண்ணுக்கே அதில் பெரிய ஈடுபாடு இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஐம்பது வயது வரை வாழ்ந்த மனுஷன். முதல் நாற்பத்தாறு வருஷத்துக்கு இவர்கள் கொடுத்தது பத்து நிமிஷம்கூட இல்லை.

அந்த நாற்பத்தாறு வருஷம் தெரியாவிட்டால் மீதி நான்கு வருஷம் வெறும் வெறியாட்டமாகத்தான் தெரியும். 1743-ல் சுவிட்சர்லாந்துப் பக்கம் நெஷாத்தெலை அடுத்த பூத்ரியில் பிறந்தவர். அப்போது அது பிரஷ்ய அரசரின் ஆளுகையில் இருந்தது. அப்பா சார்டீனியாவிலிருந்து வந்து மதம் மாறியவர், அம்மா வழி பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகள், ஆக பிரான்ஸுக்கே இவர் வந்தேறிதான். பதினாறு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, போர்தோவில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, பாரிஸ் வந்து, அங்கிருந்து லண்டன் போய் அங்கே வருஷக்கணக்கில் வைத்தியம் பார்த்தார். 1774-ல் கொடுங்கோல் ஆட்சியைப் பற்றி 'அடிமைத்தனத்தின் சங்கிலிகள்' என்று ஒரு புத்தகம் போட்டதும் அங்கேதான், அதுவும் ஆங்கிலத்தில். அடுத்த வருஷம் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் மருத்துவப் பட்டம் கொடுத்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சங்கிலியைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் பாரிஸ் திரும்பி, 1777-ல் அரசனின் தம்பி ஆர்த்துவா பிரபுவின் மெய்க்காவலர்களுக்கு வைத்தியராகச் சேர்ந்தார். பின்னாளில் பத்தாம் சார்லஸ் என்று முடிசூட்டிக்கொண்டாரே, அதே ஆர்த்துவா. கை நிறையச் சம்பளம், பெரிய வீட்டு நோயாளிகள், மீதி நேரத்தில் நெருப்பு, ஒளி, மின்சாரம் என்று ஆராய்ச்சி. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இவருடைய சோதனையைப் பார்க்க வந்து, தன் வழுக்கைத் தலையையே ஒளிக்கற்றைக்கு முன் நீட்ட, தலையிலிருந்து எழும் வெப்பம் திரையில் நிழலாட்டமாகத் தெரிந்ததாம். நியூட்டனின் ஒளியியல் நூலை மொழிபெயர்த்து 1787-ல் வெளியிட்டதும் இவர்தான். ஆனால் நியூட்டனைத் திருத்தப் போகிறேன் என்று கிளம்பியவரை அறிவியல் அகாதெமி ஏற்கவில்லை, அந்தக் கசப்பு அவருக்குக் கடைசி வரை போகவில்லை. வேதியியலாளர் லவுவாசியே உள்ளிட்ட அகாதெமி ஆட்களைப் புரட்சிக் காலத்தில் போலி விஞ்ஞானிகள் என்று கிழித்துத் தொங்கவிட்டார். சுற்றில் இதற்கெல்லாம் ஒரே வரி: "அவர் தோல்வியுற்ற விஞ்ஞானி." சரி, அகாதெமி கண்ணுக்கு அப்படித்தான். ஆனால் 1780-ல் குற்றவியல் சட்டம் பற்றி எழுதிய இதே ஆள், ஏழைக்குச் சோறு போடாத சமூகத்துக்கு அவன் திருடினால் தண்டிக்க என்ன உரிமை இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். புரட்சிக்கு ஒன்பது வருஷம் முன்னால். அதை ஒருவரும் சொல்லவில்லை.

இனி நல்ல பகுதி. புல்வாரைக் கடந்து கூர் து கொமர்ஸ் சென்தாந்த்ரே என்ற சந்துக்குள் நுழைந்ததும் காசு கொடுத்தது வீண் இல்லை என்று தோன்றியது. குண்டும் குழியுமான பழைய கல் பாவிய தரை, ஒரு பக்கம் 1686-ல் ஒரு சிசிலிக்காரர் தொடங்கிய புரோகோப் உணவகத்தின் பின்பக்கம், எதிரே 8-ம் எண். மராவின் 'மக்களின் நண்பன்' பத்திரிகை அச்சான இடம் அது என்கிறார்கள். 9-ம் எண்ணில் தலைவெட்டும் இயந்திரமான கில்லட்டினை முதலில் ஆட்டின் மேல் சோதித்துப் பார்த்தார்களாம். எல்லா வழிகாட்டியும் இதைச் சொல்லுவார், எல்லோரும் அங்கேதான் படம் எடுப்பார்கள், எங்கள் கூட்டமும் அப்படியே 9 பக்கம் திரும்பிவிட்டது. சித்தப்பா மட்டும் 8-ம் எண் கதவருகில் நின்று, ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எப்படி விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேப்பர் எத்தனை பக்கம்னு கேளும்மா."

கேட்டேன். சின்ன அளவில் பெரும்பாலும் எட்டுப் பக்கம் என்றார் வழிகாட்டி.

"அப்ப அரை பாரம். ஒரே ஆள் உக்காந்து எழுதித் தள்ளி, அது மறுநாள் தெருவுல கூவி வித்தாகணும்னா கம்போசிங்குக்கு எத்தன பேரு? மிஷின் எத்தன? மணிக்கு எத்தன தாள் அடிப்பாங்க?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு, இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, விசாரித்து எழுதுகிறேன் என்று என் மின்னஞ்சலை வாங்கிக்கொண்டார். சும்மா ஒப்புக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த வாரமே பதில் வந்துவிட்டது. அந்தக் காலத்து மர அச்சு இயந்திரத்தில் ஒருவர் மை தடவ ஒருவர் நெம்புகோல் இழுக்க, மணிக்கு ஒரு பக்கமாக 250 தாள் என்பது பொதுக்கணக்கு. 1792 ஆகஸ்டில் முடியாட்சி விழுந்ததும் மரா அரச அச்சகத்திலிருந்து நான்கு இயந்திரங்களை எடுத்துக்கொண்டார். சித்தப்பா அதற்குள் ஊருக்குத் திரும்பிவிட்டார், போனில் வாசித்துக் காட்டினேன். ஒரு தாளின் இரண்டு பக்கமும் அதே பாரத்தை (கோத்து வைத்த எழுத்துப் பக்கங்களை) ஏற்றி அடித்து நடுவில் வெட்டினால் இரண்டு இதழ், ஆக நாலு மிஷின் நிற்காமல் ஓடினால் மணிக்கு ஆயிரம் இதழ் என்று மனக்கணக்காகவே சொல்லி, "பரவால்லயே" என்றார். வழிகாட்டிக்கு நான் கொடுக்கும் நட்சத்திரம் இதற்குத்தான்.

பத்திரிகைதான் இந்த ஆளின் அரசியல் வாழ்க்கை. 1789 செப்டம்பரில் தொடங்கி மூன்று வருஷத்தில் அந்தப் பெயரில் மட்டும் 685 இதழ்கள், அப்புறம் பெயர் மாற்றி மாற்றிச் சாகிற வரைக்கும். கைது வாரண்ட், இயந்திரம் பறிமுதல், லண்டனுக்கு ஓட்டம், நிலவறையில் ஒளிவு, இதற்கு நடுவில் எதிரிகளே இவர் பேப்பர் பெயரில் போலி இதழ்களும் அடித்து விட்டார்கள். 1790 ஜனவரியில் இவர் ஒருவரைப் பிடிக்க தேசியக் காவல்படைத் தளபதி லஃபாயெத் இந்தத் தெருக்களைப் படையை வைத்து வளைத்தார். இதைச் சொல்லும்போது வழிகாட்டி எங்களைத் தெருமுனையில் நிறுத்தி, படை எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று கை காட்டினார். அருமையான இடம், ஆனால் இரண்டே நிமிஷம்.

என்ன எழுதினார்? இங்கேதான் சுற்று நழுவுகிறது. "ரத்தவெறி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வரி கட்டுகிற வசதி உள்ளவனுக்கு மட்டும் ஓட்டு என்று புரட்சி சபை தீர்மானித்தபோது, மீதிப்பேர் என்ன மனிதர்கள் இல்லையா என்று 1790-ல் எழுதியவர் இவர். 1791-ல் தொழிலாளர்கள் சங்கம் சேரக்கூடாது என்று லெ ஷாப்பலியே சட்டம் வந்தது, பிரான்ஸில் சங்கம் வைக்கும் உரிமை 1884 வரை திரும்பிவரவில்லை, அந்தச் சட்டம் வந்த வாரமே அதை எதிர்த்து எழுதிய மிகச் சிலரில் இவர் ஒருவர். (இதைக் கேட்டபோதுதான் சித்தப்பா முதல் தடவையாகத் தலையாட்டினார், அதுவும் நான் சொல்லி, வழிகாட்டி சொல்லி இல்லை.) கரீபியனில் செயின்ட் டொமிங்கில் (இன்றைய ஹைத்தி) அடிமைகள் எழுந்தபோது, சமத்துவம் பேசிய எத்தனையோ பேர் வாய் மூடிக்கொண்டிருக்க, நுகத்தடியை உதற அவர்களுக்கு உரிமை உண்டு என்று எழுதினார். அரசன் ஓடப் பார்ப்பான் என்றார், 1791 ஜூனில் ஓடினான். புரட்சி சபையின் பெரிய பேச்சாளர் மிராபோ அரண்மனையில் காசு வாங்குகிறார் என்றார், ஆள் செத்த பிறகு அரசனின் இரும்புப் பெட்டியில் ஆதாரம் கிடைத்தது. லஃபாயெத் துரோகம் செய்வார் என்றார், துய்மூரியே துரோகம் செய்வார் என்றார், இரண்டு தளபதிகளுமே எல்லை தாண்டிப் போனார்கள். இத்தனையும் பலித்த பிறகு சாதாரண ஜனம் அவரை நம்பாமல் வேறு யாரை நம்பும்?

அதே கைதான் 1790 ஜூலையில், ஐந்நூறு அறுநூறு தலைகளை வெட்டியிருந்தால் உங்களுக்கு நிம்மதி கிடைத்திருக்கும் என்றும் எழுதியது. போகப் போக அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 1792 செப்டம்பர் முதல் வாரம் கும்பல் பாரிஸ் சிறைகளுக்குள் புகுந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளைக் கொன்றது. அதில் பாதிரிமார், சில்லறைத் திருடர்கள், சிறுவர்கள்கூட உண்டு. மரா அப்போது பாரிஸ் நகர ஆட்சியான கம்யூனின் கண்காணிப்புக் குழுவில் இருந்தார். மற்ற ஊர்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று போன சுற்றறிக்கையில் அவர் கையெழுத்து இருக்கிறது. பாதிரிமார்கள் வெட்டப்பட்ட கார்ம் மடம் வொஜிரார் தெருவில் இன்றும் அப்படியே நிற்கிறது, ஓதியோனிலிருந்து நடக்கிற தூரம்தான். சுற்று அங்கே போவதில்லை. என்னைக் கேட்டால் அங்கே போகாமல் மராவைப் பற்றி நல்லதும் பேசக்கூடாது, கெட்டதும் பேசக்கூடாது. குறி சொன்னது பலித்தது என்பதற்காகத் தலை கேட்டது சரியாகிவிடாது. தலை கேட்டார் என்பதற்காகப் பட்டினி கிடந்தவனுக்கு ஓட்டுக் கேட்டதையும் அழித்துவிட முடியாது. வாடிக்கையாளர் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும் என்று நிறுவனம் இரண்டையும் வெட்டிவிட்டுத் தொட்டியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பெரிய ஓட்டை 1793 ஏப்ரல். அதற்கு முன்னால், 1792 செப்டம்பரில் தேசியப் பேரவைக்குத் தேர்வாகிப் போன சில நாளிலேயே, சர்வாதிகாரம் கேட்கிறார் என்று மிதவாத அணியான ஜிரோந்தின்கள் இவர் மேல் பாய்ந்தார்கள். "இந்த அவையில் எனக்குச் சொந்தப் பகையாளிகள் நிறைய இருக்கிறார்கள்" என்று ஆரம்பித்தார் மரா, "எல்லோருமே! எல்லோருமே!" என்று கத்தியது சபை. அப்படியானால் கொஞ்சம் வெட்கப்படுங்கள் என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தவர், கடைசியில் கைத்துப்பாக்கியை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். ஏழு மாதம் கழித்து அதே ஜிரோந்தின்கள் உறுப்பினருக்கு இருந்த பாதுகாப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் புரட்சித் தீர்ப்பாயத்துக்கு இவரை அனுப்பினார்கள். ஏப்ரல் 24-ம் தேதி விடுதலை. இலைமாலை போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டே பேரவைக்குள் கொண்டுவந்து இறக்கியது கூட்டம். ஜூன் 2-ம் தேதி 29 ஜிரோந்தின் உறுப்பினர்களைக் காவலில் வைக்க உத்தரவு, பட்டியலில் யாரைச் சேர்ப்பது யாரை நீக்குவது என்று திருத்தியவர் மரா. எதிரிக்கு என்று இடித்த சுவர், ஏழு வாரத்தில் தங்கள் பக்கமே விழுந்தது. தீர்ப்பாயம் இருந்த நீதிமன்றக் கட்டடம் ஆற்றைத் தாண்டினால் பத்து நிமிஷ நடை. அதையும் விட்டுவிட்டு, கூட்டத்தை கிரேப் கடை முன்னால் பதினைந்து நிமிஷம் 'ஓய்வு' என்று நிறுத்தினார்கள். அந்தக் கடைக்கும் நிறுவனத்துக்கும் ஏதாவது கொடுக்கல் வாங்கல் இருக்கும்போல, கூப்பன் வேறு கொடுத்தார்கள்.

கடைசி நிறுத்தம் எகோல் து மெத்சின் தெரு. மராவின் வீடு இப்போது இல்லை, மருத்துவக் கல்லூரிக் கட்டடம்தான் இருக்கிறது. எதிரே கோர்தெலியே மடத்தின் பழைய உணவுக்கூடம் மட்டும் தப்பியிருக்கிறது, அவரும் தாந்தோனும் பேசிய மன்றம் இருந்த மடம் அது. இந்த இடத்தில் வழிகாட்டி வசன அட்டையை மூடி வைத்துவிட்டுத் தானாகப் பேச ஆரம்பித்தார், அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். ஷார்லோத் கோர்தே, வயது 24, ஜிரோந்தின் ஆதரவாளர், நார்மண்டியின் கான் நகரத்திலிருந்து கிளம்பி வந்தவர். 1793 ஜூலை 13 காலை பலே ரொயாலில் 40 சூ காசுக்குச் சமையல் கத்தி வாங்குகிறார். வீட்டுக்கு வருகிறார், உள்ளே விடவில்லை. கான் நகரத்துச் சதியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று கடிதம் அனுப்பிவிட்டு மாலையில் மறுபடி வருகிறார். தோல்நோய்க்காகத் தொட்டியில் உட்கார்ந்திருந்த மரா அப்படியே பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறார், இவர்கள் தலை சீக்கிரம் விழும் என்கிறார். கத்தி நெஞ்சில் இறங்குகிறது. நாலு நாள் கழித்துக் கோர்தேயின் தலையும் விழுந்தது. ஒருவனைக் கொன்று லட்சம் பேரைக் காப்பாற்றினேன் என்று நீதிமன்றத்தில் சொன்னார் அவர். நடந்ததோ தலைகீழ். அக்டோபர் கடைசியில் ஜிரோந்தின் தலைவர்கள் 21 பேர் ஒரே நாளில் கில்லட்டினுக்குப் போனார்கள்.

இந்த இடத்தில் ஓவியத்தை மறுபடி காட்டினார், இந்தத் தடவை பெரிதாக்கி. அதை வரைந்த தவீத் கொலைக்கு முந்தின நாள்தான் மராவை வீட்டில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார், தோல் எப்படி இருந்தது என்று நன்றாகத் தெரியும். ஓவியத்திலோ புண் கிடையாது, சொறி கிடையாது, பளிங்கு மாதிரி உடம்பு. எழுதுமேசையாக வைத்திருந்த மரப்பெட்டியின் மேல் ஒரு காகிதப் பணம், பக்கத்தில் ஒரு சீட்டு, ஐந்து பிள்ளைகளோடு கைம்பெண்ணான ஒருத்திக்கு இதைக் கொடுத்துவிடுங்கள் என்று. உண்மையில் அவர் இறந்தபோது வீட்டில் இருந்தது 25 சூ பெறுமான ஒரே ஒரு காகிதப் பணம் என்றார்கள். பெட்டியில் 'மராவுக்கு, தவீத்' என்று எழுதியிருக்கிறது. கட்சிப் போஸ்டர்தான், ஆனால் யார் வரைந்த போஸ்டர்! அசல் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது.

ஒரு திருத்தம். சாக்கடையில் ஒளிந்திருந்ததால்தான் அந்தத் தோல்நோய் வந்தது என்று எல்லாச் சுற்றிலும் சொல்கிறார்கள், இங்கேயும் சொன்னார்கள். குத்துப்பட்டபோது பக்கத்தில் கிடந்து ரத்தம் தோய்ந்த பத்திரிகைத் தாள்களைத் தங்கை அல்பெர்தீன் பாதுகாத்து வைத்தார், அவை இப்போது பிரான்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அந்த ரத்தத்தில் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தவர்கள் மேகநோய், தொழுநோய், சிரங்கு எதற்கும் தடயம் இல்லை, ஒருவகைப் பூஞ்சைதான் தென்படுகிறது என்று 2020-ல் எழுதியிருக்கிறார்கள். நிறுவனம் வசனத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

செத்த பிறகு நடந்ததைச் சொல்ல நேரமில்லை என்று முடித்துவிட்டார்கள், எனக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். இதயத்தை கோர்தெலியே மன்றத்தின் கூரையில் தொங்கவிட்டார்கள். லெ ஆவ்ர் துறைமுகத்துக்கு அவர் பெயரைச் சேர்த்தார்கள். 1794 செப்டம்பரில் உடலை, நாட்டின் பெரியவர்களை வைக்கும் பாந்தியனுக்கு எடுத்துப் போனவர்கள், 1795 பிப்ரவரியிலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். அவரோடு வாழ்ந்த சிமோன் எவ்ரார்தான் தன் சொத்தைப் போட்டுப் பத்திரிகையை நடத்த உதவியவர். அந்த அம்மாவும் அல்பெர்தீனும் சேர்ந்தே வறுமையில் வாழ்ந்தார்கள், அல்பெர்தீன் கடிகார உதிரிகள் செய்து பிழைத்தார். 1841-ல் அவரும் போய்ச் சேர்ந்தார். பாந்தியன் அங்கிருந்து கூப்பிடு தூரம், ஒரு பத்து நிமிஷம் கூட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தி இதைச் சொல்லியிருக்கலாம்.

நடைமுறை விஷயங்கள். கல் பாவிய தரை, மழை பெய்தால் வழுக்கும், ஷூ போட்டுக்கொண்டு போங்கள். காதுக் கருவி சந்துக்குள் கரகரக்கிறது, வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். வழியில் கழிப்பறை வசதி எதுவும் ஏற்பாடு இல்லை, வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு மேல் சேர்க்கிறார்கள், அது அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது. புகழ்பெற்ற தொட்டியைப் பார்க்கலாம் என்று வராதீர்கள், மராவினுடையது என்று சொல்லப்படும் தொட்டி மெழுகுச் சிலைகள் இருக்கும் கிரேவன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதற்குத் தனி டிக்கெட். பதிவு செய்யும்போதே வழிகாட்டியிடம் நீதிமன்றமும் பாந்தியனும் உண்டா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். கிரேப் கடையைக் கழித்தால் நேரம் தாராளமாக இருக்கிறது.

28 யூரோ அதிகம் என்று தோன்றினால், இந்தச் சந்தும் சிலையும் தெருவும் இலவசம், முந்தின நாள் இரவு கொஞ்சம் படித்துவிட்டு நீங்களே நடக்கலாம். மறேயில் இருக்கும் கார்னவலே அருங்காட்சியகத்தில் புரட்சிக்கென்றே அறைகள் இருக்கின்றன, நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும்.